லேஞ்சிக்குள் கை

தவச்செல்வனின் வலக்கை விரல்களுக்குக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் விலை. ஐந்து விரலுக்கும் சேர்த்துத்தான், பிரித்து விற்பதில்லை. அந்த விலையை ஒப்புக்கொண்டவர் சரீப் ஹாஜியார். கற்பிட்டிப் பக்கத்துக் கடலில் சுழியோடிகள் எடுத்துவருகிற கடலட்டையை வாங்கி, அவித்து, காயவைத்து, கொழும்பு வியாபாரிகளுக்குக் கொடுக்கிற மனிதர். பால்குடிக்கிற வயதிலேயே உம்மாவிடம் இன்னொரு வாய்க்குப் பேரம் பேசியவர் என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கேட்டால் அவரும் மறுப்பதில்லை. இலவச விளம்பரத்தை எந்த வியாபாரி மறுப்பான்? அப்பேர்ப்பட்டவர் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே விலை, தவச்செல்வனின் தரகான அந்த ஐம்பதுதான்.

காரணம் இருந்தது. அட்டை வியாபாரத்தில் விலையை வாயால் சொல்கிறவன் பிழைக்கமாட்டான். அட்டை அவிக்கிற கரையோரக் கொட்டிலான வாடியில் நாலு பேர் நின்றால் எட்டுக் காது. அதனால் நடுவில் ஒரு தரகன் நிற்பான். விற்கிறவர் கையை நீட்ட, தரகன் அதைப் பிடித்து, மேலே ஒரு லேஞ்சியை விரிப்பான். அந்தச் சாண் அகலத் துணிக்குக் கீழே விரல்கள் பேசும். ஒரு விரலை அழுத்தினால் ஆயிரம். விரலின் நடு மூட்டை அழுத்தினால் ஐந்நூறு. உள்ளங்கையை முழுதாகப் பிடித்தால் ஐயாயிரம். பெருவிரலை உள்ளே மடக்கிவிட்டால், இன்றைக்கு விற்பனை இல்லை, போய்வா என்று அர்த்தம். பிறகு தரகன் வாங்குகிறவரிடம் போய் அதே லேஞ்சியை விரிப்பான். மேலே முகங்கள் மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருக்கும். கீழே லட்சங்கள் கைமாறும். கடதாசி கிடையாது, சாட்சி கிடையாது. ஒரேயொரு சட்டம்: கை சொன்னதை வாய் மறுக்கக் கூடாது.

தவச்செல்வன் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தபோது பத்தொன்பது வயது. இந்தக் கரையில் அவனுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆகவே எந்தப் பக்கமும் சாயமாட்டான் என்று ஹாஜியார் கணக்குப் போட்டார். அகதியின் அநாதைத்தனத்தில்கூட ஒரு இலாபம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். கணக்குப் பிழைக்கவும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கை ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. அந்தக் கையை நம்பித்தான் கண்டக்குழியில் யூஜீனியாவைக் கட்டிக்கொடுத்தார்கள்; அந்தக் கையில்தான் மகள் ஷானிகா பிறந்து, வளர்ந்து, ஆறாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சண்டை முடிந்து நாலாம் வருஷம், முதலில் காட்டிக்கொடுத்தது செருப்பு. கடற்கரை மணலில் நடந்து வீட்டுக்கு வந்தால் இடது காலில் செருப்பு இருக்காது. எங்கே கழன்றது என்று காலுக்கே தெரியாது.

"நீங்கள் போன இடம் என்ன கோயிலோ, ஒத்தச் செருப்பக் களட்டி வைச்சிட்டு வர?" என்று யூஜீனியா முதலில் சிரித்தாள். மூன்றாவது சோடியோடு சிரிப்பை நிறுத்தினாள்.

பிறகு ஒரு கண் மங்கி, ஒரு மாதம் கழித்து முக்கால்வாசி திரும்பி வந்தது. பிறகு இரண்டு காலும் வேறு யாருடையவோபோல ஆகின. ஒரு டொக்டர் விற்றமின் குறைவு என்றார். ஒருவர் முதுகெலும்பு என்றார். இன்னொருவர் அவன் யாழ்ப்பாணம் என்று கேட்டதும், "ஷெல் சத்தத்தில வந்த பயமா இருக்கும்" என்று சொல்லித் தூக்கமாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில் கொழும்பில், ஒரு குகைக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்த பிறகு, ஒரு டொக்டர் அம்மா நோயின் பெயரைச் சொன்னாள். மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். தெரிந்த தமிழில் விளக்கமும் சொன்னாள்.

"நரம்பு கரண்ட் வயர் மாதிரி. மேல ஒரு றப்பர் இருக்கு. உங்கட உடம்பே அந்த றப்பரை எலி மாதிரிக் கொறிக்குது."

"எலிக்கு மருந்து இல்லையோ, டொக்டர்?"

"எலியைக் கொஞ்சம் மெதுவாக்க ஊசி இருக்கு. கொறிச்சதைத் திரும்ப ஒட்ட மருந்து இல்லை. ஒவ்வொரு தடவையும் போறதில கொஞ்சம் திரும்பி வரும். எல்லாம் வராது."

கடன் வாங்கினவன் திருப்பித் தருகிற மாதிரித்தான் என்று தவச்செல்வன் நினைத்துக்கொண்டான்.

"இனி ஒவ்வொரு நாளா பிளான் பண்ணித்தான் வாழணும். களைக்கமுதல் நிப்பாட்டணும், களைச்ச பிறகு இல்லை. சூடு ஆகாது. வெயில் ஆகவே ஆகாது. எங்க இருக்கிறது?"

"கண்டக்குழி."

டொக்டர் அம்மா பேனையை மூடிவைத்தாள். கண்டக்குழியில் இருக்கிறவனுக்குச் சூடு ஆகாது என்று சொல்வது மீனுக்கு ஈரம் ஆகாது என்று சொல்வதைப் போல என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

திட்டத்தைப் போட்டவள் யூஜீனியா. ஊருக்குத் திரும்புகிற புத்தளம் பஸ்ஸில், வென்னப்புவ தாண்டுவதற்குள் போட்டுவிட்டாள். அவள் அட்டை வியாபாரத்தில் இறங்கியிருந்தால் ஹாஜியார் கோழி வளர்க்கப் போயிருப்பார்.

"உங்கட பலம் ஐஸ் கட்டி மாதிரி எண்டு வையுங்கோ," என்றாள். "விடிய முழுசா இருக்கும். நீங்கள் பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் மத்தியானம் தண்ணியாப் போகும். அப்ப என்ன செய்யோணும்? விடியவே வித்திடோணும்."

அப்படித்தான் செய்தார்கள். பேரமெல்லாம் வெயில் ஏறமுதல். அதற்கு முந்திய வேலைகளிலே பலத்தைச் சிந்தக் கூடாது என்று, சேட்டுப் பொத்தான்களைப் பூட்டியபடியே தைத்துவிட்டாள். அவன் தலையால் போட்டுக்கொண்டால் சரி. செருப்புகளுக்குக் குதியில் இலாஸ்டிக் பட்டி வந்தது. கிணற்றுத் தண்ணீரை அவளே அள்ளி வைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசியையும் அவளே போட்டாள். வாடிக்குப் போகிற வழியில் மூன்று இடங்களில் நிற்க வேண்டும், ஆனால் நிற்பது தெரியக் கூடாது. தேத்தண்ணிக் கடையில் நின்றால் கதை கேட்க; கரையில் ஏற்றிய படகின் நிழலில் நின்றால் மீன் விலை விசாரிக்க; கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிலுவை அடையாளம் போட. அந்த வருஷம் தவச்செல்வனின் பக்தி கூடிவிட்டதென்று பங்குக் குருவானவர் பிரசங்கத்திலேயே சொன்னார்.

தவிர்க்க முடியாமல் மத்தியானத்தில் பேரம் வந்தால், மீன்பெட்டி ஐஸை உடைத்துத் துவாயில் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொள்வான். உடம்பு குளிர, விரல்கள் அரை மணித்தியாலத்துக்கு வாடகைக்குத் திரும்பி வரும். ஒருமுறை கெட்டித்தனமாகக் கையையே ஐஸுக்குள் வைத்துப் பார்த்தான். இருந்த உணர்வும் போயிற்று. ஏன் இந்த ஐஸ் என்று கேட்டவர்களுக்கு, "உட்சூடு" என்றான். ஊர் முழுக்க வைத்தியம் சொல்லத் தொடங்கியது. தெம்பிலி இளநீர் குடி என்றார்கள், வெந்தயம் ஊறவை என்றார்கள். அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் கால்கள் பின்னுவதற்கு உட்சூடு போதுமான காரணமாக இல்லை.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் இருந்த சுழியோடி ஹமீட் அவன் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "என்ன தவம், விடிய சுபஹுக்கே ஏத்தியாச்சோ?" என்றான்.

கடை சிரித்தது. தவச்செல்வனும் சிரித்தான். மறுக்கவில்லை. படகு நிழலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய வியாபார மூளை விலையைப் போட்டுவிட்டது. குடிகாரத் தரகனை ஏசுவார்கள், ஆனால் வைத்துக்கொள்வார்கள். குடிகாரன் நாளைக்குத் தெளிவான் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. கையில் உணர்ச்சி இல்லாத தரகனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்று பின்னேரம் ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கினான். குடிக்க அல்ல. காலையில் சேட்டுக் கழுத்தில் இரண்டு சொட்டு. ஒரு கால் போத்தல் இரண்டு மாதத்துக்குப் போதும். அவ்வளவு சிக்கனமான குடிகாரனை அந்தக் கரை கண்டதில்லை.

அந்தச் சரக்குக்கு விலை கொடுத்தவள் யூஜீனியா. தவக்காலத்திலும் தவச்செல்வன் நிப்பாட்டவில்லை என்று கோயில் வாசலில் பெண்கள் கதைத்தார்கள். அவள் வந்ததும் நெத்தலி விலையைக் கதைத்தார்கள். ஷானிகாவின் பக்கத்தில் இருந்த பிள்ளையை அதன் தாய் வேறு வாங்கில் இருத்தும்படி ஆசிரியையிடம் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள நோயாளி பெண்சாதி, வெளியில குடிகாரன் பெண்சாதி," என்றாள் யூஜீனியா, அவனுடைய சேட்டில் இரண்டு சொட்டை விட்டபடி. "ரெண்டு புருஷன் வைச்சிருக்கிறன். ரெண்டுக்கும் நான்தான் துவைக்கிறன்."

"இந்தப் பருவம் முடியட்டும்," என்றான். அட்டைப் பருவம் சித்திரையோடு முடியும். அதுவரைக்கும் கை தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் திட்டத்தின் அடித்தளம். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு இருவரும் திட்டம் போடவில்லை. போடப் போனால் யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

மாசியில் எலி மறுபடியும் கொறித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி இருப்பு முடிந்து, அடுத்தது எப்போது வரும் என்று சொல்லத் தெரியாமல் இருந்த நேரம். வலக்கையின் சின்ன விரலும் மோதிர விரலும் போய், விடிகாலையில் மட்டும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயின. வெயில் ஏறினால் மற்ற மூன்றும் அவற்றோடு கூட்டாகப் போயின.

இந்த நேரத்தில்தான் ஹாஜியாரின் வாடியில் இருநூறு கிலோ காய்ந்த வெள்ளை அட்டை சேர்ந்தது. அந்தப் பருவத்தின் பெரிய சரக்கு. வாங்க வருகிறவர் கொழும்பு ஹிஸ்புல்லா. அந்தத் தரகு கைக்கு வந்தால் ஆஸ்பத்திரி ஊசி வரும்வரை வெளியில் வாங்கிச் சமாளிக்கலாம். வராவிட்டால் எலிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஹிஸ்புல்லா வழக்கமாகக் கொழும்பிலிருந்து மத்தியானத்துக்குத்தான் வந்து சேர்வார். யூஜீனியாதான் சொன்னாள்: "குடும்பத்தோட வந்து முதல் நாள் லொட்ஜில தங்கச் சொல்லுங்கோ. கடல் காத்து, இறால் எண்டு ஆசை காட்டுங்கோ. விடிய ஆறரைக்கு வியாபாரம்." ஹிஸ்புல்லா ஆசைப்பட்டார், வந்தார், தங்கினார். திட்டம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

அன்று காலை ஓட்டோவில் போனான், நடந்து பலத்தைச் சிந்தவில்லை. விரல்கள் ஐந்தும் இருந்தன. வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆறரைக்கு வாடியில் ஹாஜியார் இருந்தார், சரக்கு இருந்தது, லேஞ்சி இருந்தது. ஹிஸ்புல்லா இல்லை.

"டொல்பின் பாக்கப் போயிட்டாராம்," என்றார் ஹாஜியார், போனைக் காதிலிருந்து எடுத்தபடி. "பொஞ்சாதி புள்ளைகளோட. எட்டு மணிக்கு வருவாராம்."

எட்டு மணிக்கு வரவில்லை. டொல்பின் தெரியாவிட்டால் காசைத் திருப்பித் தருவேன் என்று படகுக்காரன் வாக்குக் கொடுத்திருந்தான். டொல்பின் தெரியவில்லை. ஆகவே தெரியும்வரைக்கும் படகுக்காரன் கரைக்குத் திரும்பத் தயாராக இல்லை. கடலில் டொல்பின் அன்றைக்குக் காட்சி தர மறுத்ததற்காக, கரையில் ஒருவனுடைய விரல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. காற்று இல்லாத பங்குனி மாதம். வாடியின் தகரக் கூரை இரைந்தது. பின்னால் அட்டை அவிக்கிற தாச்சிகளிலிருந்து ஆவி வந்தது. துவாய்க்குள் இருந்த ஐஸ் தண்ணீராகி முதுகால் இறங்கி, அதுவும் காய்ந்தது. புது ஐஸுக்கு ஆள் அனுப்பினான். ஐஸ் வாகனம் அன்றைக்கு இன்னும் வரவில்லை. பத்து மணிபோல நல்ல கண்ணும் மங்கத் தொடங்கியது. இடையில் ஹாஜியார் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டு வெளியே போய், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பதினொன்றரைக்கு ஹிஸ்புல்லா வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"ரெண்டே ரெண்டு, ஹாஜியார்! அதுவும் வால்தான். வாலுக்கு ஏழாயிரம்!"

"எங்கட அட்டைக்கு வாலும் இல்ல தலையும் இல்ல," என்றார் ஹாஜியார். "முழுசா வாங்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் கையை நீட்டினார்.

'நாளைக்கு வைத்துக்கொள்வோம்' என்று தவச்செல்வன் சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று விழுந்திருக்கலாம். ஆனால் ஹிஸ்புல்லா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்புக்குப் போகிறவர். அவன் ஹாஜியாரின் கையைப் பிடித்தான். பிடித்துவிட்டான் என்பதைக் கண்ணால்தான் கண்டான். லேஞ்சியை விரித்ததும் அந்தச் சாட்சியும் போயிற்று. துணிக்குக் கீழே ஏதோ நடந்தது. அடுத்த வீட்டில் யாரோ கதிரையை இழுக்கிற மாதிரி ஒரு அசைவு முழங்கை வரைக்கும் வந்தது. எந்த விரல், எத்தனை தரம் என்று வரவில்லை.

அவன் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு வருஷமாகப் படித்த முகம். தோள் ஒருமுறை அசைந்தது: அது முழுக் கை, ஐயாயிரம். பிறகு ஒரு சின்ன இழுப்பு. இரண்டு விரலாக இருக்கவேண்டும். கிலோவுக்கு ஏழாயிரம். போன பருவத்தில் ஆறரைக்குப் போன சரக்கு. இந்த வருஷம் ஏழு நியாயம்தான். நியாயத்தை நம்பி விலை சொல்கிற முதல் தரகன் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஹிஸ்புல்லாவிடம் போய் லேஞ்சியை விரித்தான். தன் விரல்கள் தன் பேச்சைக் கேட்குமா என்ற பயத்தில் கொஞ்சம் பலமாகவே அழுத்தினான். ஹிஸ்புல்லாவின் புருவம் மேலே போயிற்று. உடனே தலையை ஆட்டினார். பேரமே பேசவில்லை.

"பிஸ்மில்லாஹ். சரக்க நிறுங்க," என்றார் சத்தமாக.

அந்தச் சத்தத்தில் ஹாஜியார் திரும்பிய விதத்தைத் தவச்செல்வன் தன் நல்ல கண்ணின் மிச்சத்தால் கண்டான். ஒரு கணம்தான். பிறகு அந்த முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. "தராசக் கொண்டு வாங்க," என்றார். நின்று ஒவ்வொரு சாக்காக நிறுத்துக் கொடுத்தார். பணத்தை எண்ணி வாங்கினார். ஹிஸ்புல்லாவின் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து, மோட்டார்சைக்கிளில் அவர் தவச்செல்வனின் வீட்டுக்கு வந்தார். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குள் வந்தவரல்ல. யூஜீனியா கதிரையைத் தட்டிப் போட்டு, தேத்தண்ணி வைத்தாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. மடியிலிருந்து லேஞ்சியை எடுத்தார்.

"கையத் தா, தவம்."

"ஹாஜியார்..."

"தா."

லேஞ்சிக்குக் கீழே ஹாஜியார் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். முகம் வழக்கம்போலவே இருந்தது.

"என்ன சொன்னேன்?"

தவச்செல்வன் அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "ஆறு," என்றான்.

ஹாஜியார் லேஞ்சியைத் தூக்கினார். அவருடைய பெருவிரல் நகம் அவனுடைய உள்ளங்கையில் புதைந்திருந்தது. எடுத்ததும் பிறைபோல ஒரு கீறல், அதில் இரத்தம். யூஜீனியா, "ஐயோ மாதாவே," என்று முந்தானையால் அழுத்திப் பிடித்தாள். அவள் அழுத்துவதையும் அவன் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"வாடியில பெருவெரல மடக்கினேன்," என்றார் ஹாஜியார். "நீர்கொழும்பில இருந்து ஒம்பதுக்குக் கேட்டிருந்தாங்க. இன்டைக்கு விக்கல்லன்னு சொன்னேன். நீ ஏழுக்கு வித்திட்டாய்."

 உள்ளே ஷானிகா பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

யூஜீனியாதான் சொன்னாள். செருப்பிலிருந்து தொடங்கி எலி வரைக்கும், ஒன்றும் விடாமல். சாராயத்தைச் சொன்னபோது ஹாஜியார் கண்களை மூடிக்கொண்டார்.

"எத்தன பேருக்கு முன்னால ஒன்ன ஏசினேன், தவம். ஹறாம்கெட்டவன்னு சொன்னேன். சிரிச்சிட்டு நின்டாயே."

"நீங்கள் ஏச ஏசத்தான் ஹாஜியார், ஆக்கள் நம்பினவை."

கிழவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. "அந்த நாலு லட்சத்த விடு. அத நான் ஹிஸ்புல்லாட டொல்பின்ட கணக்குல எழுதிட்டேன். தரகக் குடுக்காம விடமாட்டேன்," என்று ஒரு கடதாசி உறையை மேசையில் வைத்தார். லேஞ்சியை மடித்துத் தன் மடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

தவச்செல்வன் அதைப் பார்த்தான். "விடியப்புறத்தில ஐஞ்சு விரலும் இருக்கு, ஹாஜியார். அந்தோனியார் மேல சத்தியம். விடிய மட்டும் வைச்சுப் பேசுவம். இல்லாட்டி நீங்கள் கடதாசியில எழுதிக் காட்டுங்கோ, நான் கொண்டுபோய்க் காட்டுறன்."

"எழுதிக் காட்டுறதுக்குத் தரகன் என்னத்துக்கு, மகன்? போன்ல அனுப்பிட்டுப் போகலாமே." அவர் மகன் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே தவச்செல்வனுக்கு விளங்கிவிட்டது. வியாபாரம் முடிந்த ஆளைத்தான் அவர் அப்படி அழைப்பார். "ஒனக்குப் பாவம் பாக்கலாம். நான் மனிசன். ஒன்ட கைக்குப் பாவம் பாக்க ஏலா. அது என்ட கை இல்ல, ஒன்ட கையும் இல்ல. விக்கிறவன், வாங்குறவன், எல்லாருக்கும் பொது."

"அப்ப வேற ஏதும் வேலை?"

"தராசடியில இரி. எடையச் சொல்லு, எழுது. ஒக்காந்த வேல."

"தகரத்துக்குக் கீழயோ, ஹாஜியார்?" என்றாள் யூஜீனியா, மெதுவாக. "தாச்சிக்குப் பக்கத்திலயோ? பத்து மணிக்கு மேல இவருக்கு இலக்கம் தெரியாது."

ஹாஜியார் மோட்டார்சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தார். வேறு விலை வைக்க அவரிடம் சரக்கு இருக்கவில்லை. பேரத்தில் அவர் முதலில் எழுந்து போனதை அன்றுதான் தவச்செல்வன் கண்டான். மோட்டார்சைக்கிள் இரண்டு உதையில் கிளம்பாமல் மூன்றாவதில் கிளம்பியது.

ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை யூஜீனியா வாசலில் ஊற்றினாள்.

"நாளையில இருந்து லொட்ஜில போர்வை துவைக்கப் போறன்," என்றாள் யூஜீனியா. "ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கினம். மூண்டு மணிக்கு விடுவினம்."

"எப்ப கேட்டனீ?"

"மாசியில."

மாசியில் இரண்டு விரல் போனபோதே அவள் இந்த நாளை விலை பேசி வைத்திருக்கிறாள். தவச்செல்வனுக்குக் கோபம் வரப் பார்த்தது. கோபத்துக்கும் பலம் வேண்டும், அன்றைக்குரியது முடிந்திருந்தது.

"அப்ப விடிய எனக்கு..."

"அதத்தான் யோசிக்கோணும். உங்கட நல்ல நேரம் அது. ஆனா நான் நிக்கமாட்டன். தண்ணி அள்ளோணும், தூக்கோணும், குளிக்கோணும், உடுக்கோணும், அடுப்பு. உதில குளிச்சு உடுத்தவுடனேயே உங்கட ஐஸ் கரைஞ்சிடும். பிறகு மூண்டு மணி வரைக்கும் அந்தக் கட்டில்தான். ஒண்டுக்குப் போகோணுமெண்டா ஆர் பிடிக்கிறது? விழுந்தா ஆர் தூக்கிறது?"

"ஊசி?"

"இந்த உறையில இருக்கிறதுக்கு வாங்கலாம். அது முடிய, ஆஸ்பத்திரியில வந்தா வரும். வராட்டி வராது."

"நாங்கள் போட்ட பிளானில பிழை எங்க, யூஜீ?"

"பிளானில பிழை இல்லை," என்றாள். "சரக்கிலதான்."

அவள் விரல்களை விரித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு இந்த வீட்டை நிமிர்த்தி வைக்க எத்தனை கை வேண்டும் என்று. கிணற்றடிக்கு, அடுப்படிக்கு, கட்டிலடிக்கு, லொட்ஜுக்கு. அவனுடைய இரண்டையும் ஒருமுறை சேர்த்து எண்ணிப் பார்த்தாள். பிறகு கழித்துவிட்டாள்.

"நாலு கை வேணும்," என்றாள்.

உள்ளே வாசிப்புச் சத்தம் ஒரு சொல்லில் தடக்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. தவச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"ஷானிகாட ரெண்டு இருக்கு," என்றான், தனக்கே கேட்காத குரலில்.

"அதக் கணக்கில எடுக்காதேங்கோ."

"பள்ளிக்கூடம் போகமுதல் மட்டும்..."

"எடுக்காதேங்கோ எண்டு சொன்னன்." அவள் விரல்களை மடக்கி, திரும்ப முதலிலிருந்து விரித்தாள். "வேண்டியது நாலு. இருக்கிறது என்ர ரெண்டு. பாக்கி ரெண்டு."